பத்தொன்பது முறை கருத்துச் சொன்னவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் ‘திறக்காதவர்’ என்று பெயர். அவர் என் அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஒரு மனிதன் நிம்மதியாகக் குப்பை கொட்ட வேண்டுமென்றால் சில உறவுகளை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

அலுவலகம் என்றால் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். இணையம், தொலைபேசி, இணையத்தோடு ஒட்டி உறவாடுகிற வீட்டுச் சாமான்கள், இவை எல்லாவற்றுக்கும் விதி எழுதுகிற இடம். எழுதுவதற்கு முன்னால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்போம். கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கேட்டதை என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. அந்த இடைவெளியில்தான் என் மேசை போடப்பட்டிருக்கிறது. வருகிற கருத்தைத் திறந்து, தேதி, அனுப்பியவர், பக்கம், ஆதரவா எதிர்ப்பா என்று அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. பதினொரு வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அத்தானுக்குத் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். கடை ஒரு முட்டுச்சந்தில் இருக்கிறது. முன்பக்கம் அக்காவின் மேசை, பின்பக்கம் முதுகு கழற்றப்பட்ட நாலைந்து மெஷின்கள், வாளியில் விடப்பட்ட குழாய்கள், மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அதனாலோ என்னவோ ஸ்பீக்கரும் கிடையாது. “அதுல சத்தம் வராது, ஆனா அது யாருக்கும் அடிமை இல்ல” என்பார். அடிமை இல்லாத அந்தக் கம்ப்யூட்டர் விழித்து எழுவதற்குள் நான் ஒரு காப்பி குடித்து முடித்துவிடுவேன்.

டி.வி வாங்கப் போனபோது அத்தான் நிபந்தனைகளை முழுசாகப் படித்தார். முப்பத்தெட்டு பக்கம். கடைக்காரர் முதலில் நாற்காலி போட்டார், பிறகு தண்ணீர் கொடுத்தார், கடைசியில் விளக்கை அணைத்தார். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், வீட்டுக்கு வந்த டி.வி இரண்டு மாதம் அந்தக் கேள்வியையே காட்டிக்கொண்டு நின்றது. அக்கா ஒருநாள் தூசி தட்டும்போது தெரியாமல் கை பட்டு ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள். தெரியாமல் பட்ட கை நாடகம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டது.

குடும்பமே இருக்கிற வாட்ஸப் குழுவில் அவர் இல்லை. அந்தச் செயலி மனுஷனை மாடு மாதிரி மேய்க்கிறது என்பது அவர் கட்சி. ஆகவே மேய்ச்சல் நிலத்துச் செய்திகளை அக்கா சத்தமாகப் படிப்பாள், அவர் பதில் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். என் பெரியப்பா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அத்தான் கால் மணி நேரம் பதில் சொன்னார். குழந்தையின் முகத்தைப் பொதுவில் போடுவது அதன் சம்மதமில்லாத செயல், படங்களை எந்த வடிவத்தில் சேமித்தால் இருபது வருடம் கழித்தும் திறக்கும், எல்லாம் அதில் இருந்தது. குழுவுக்கு வந்து சேர்ந்தது ‘வாழ்த்துகள், தாயும் பிள்ளையும் நலமா?’ என்பது மட்டும்.

அக்காவுக்கு அது கைவந்த கலை. கடைக்கு வருகிறவர்கள் மெஷினைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். மாமியார், மருமகள், வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய், எல்லாம் சேர்ந்துதான் வரும். அக்கா தலையாட்டிக்கொண்டே ஒரு சீட்டில் எழுதி மெஷினில் கட்டிவிடுவாள். ‘கோளாறு: தண்ணீர் வடியவில்லை. சத்தம் உண்டு. அவசரம்.’ அவ்வளவுதான். அத்தான் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வேலை செய்வார், வாடிக்கையாளரிடம் பேச விட்டால் அவர் மெஷினுக்குள் இருக்கிற மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் எங்கள் அலுவலகத்தின் ‘பொதுமக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது’ என்ற அறிவிப்பு பட்டால் என்ன ஆகும்? வரவேற்கிறார்கள் என்று நம்பிவிட்டார்.

பதினொரு வருடத்தில் பதினெட்டு கருத்து அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது பக்கம். எல்லாம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவத்தில். உலகத்தில் யார் வேண்டுமானாலும், எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும், சல்லிக்காசு செலவில்லாமல் திறக்கக்கூடிய வடிவம். எங்கள் அலுவலகத்தில் மட்டும் திறக்காது.

அதாவது, எங்களிடம் இருப்பது ஒரு பெரிய கம்பெனியின் எழுத்து மென்பொருளின் வயசான பதிப்பு. அது தன் கம்பெனிக் கோப்பைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காது. திறக்காத கோப்புக்கு நேரே அட்டவணையில் ‘திறக்கவில்லை’ என்று போட வேண்டும். அப்படிப் போட்டால் அந்தக் கருத்து எண்ணிக்கையில் வராது. காகிதத்தில் அனுப்பலாமே என்றால், நாங்கள் காகிதமில்லா அலுவலகம். அதை அறிவித்து எல்லாச் சுவரிலும் காகிதம் ஒட்டியிருக்கிறோம்.

ஒருமுறை நாங்கள் கருத்துக் கேட்ட விஷயமே அரசு அலுவலகங்களில் திறந்த வடிவங்களைப் பயன்படுத்தலாமா என்பதுதான். அத்தான் உயிரைக் கொடுத்து எழுதினார். திறக்கவில்லை. ‘திறந்த வடிவங்களுக்கு ஆதரவாகக் கருத்து எதுவும் பெறப்படவில்லை’ என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. அந்த வரியைத் தட்டியவன் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் சொன்னேன். “அத்தான், கம்பெனிக் கோப்பா மாத்தி அனுப்புங்களேன்” என்றேன். இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது. அன்றிலிருந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை. அவருக்கும் ஒவ்வொரு முறையும் ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் போய்விடும். அதையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். மனுஷன் சந்தோஷமாகத்தானே இருக்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். இதுதான் உண்மை. கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

அப்புறம்தான் சாதனப் பாதுகாப்பு விதியின் வரைவு என் மேசைக்கு வந்தது. இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாமான்களைத் திருடர்கள் ஊடுருவாமல் காப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். பதினான்காம் பிரிவுக்கு வந்தபோதுதான் எனக்கு அத்தானின் கடை நினைவுக்கு வந்தது. தயாரித்த கம்பெனி அங்கீகரித்த ஆளைத் தவிர வேறு யாரும் அந்தச் சாமானின் கட்டுப்பாட்டு அட்டையைத் தொட்டால் குற்றம். முதல் தடவை அபராதம், இரண்டாம் தடவை கடைக்குச் சீல்.

இப்போது வருகிற மெஷினில் பம்ப்பை மாற்றினால்கூட, ஒரு ரகசிய எண்ணைத் தட்டினால்தான் அது புதுப் பம்ப்பை ஏற்றுக்கொள்ளும். அந்த எண் கம்பெனி ஆளிடம்தான் இருக்கும். அத்தான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வயரும் சில்லும் வைத்துத் தானே ஒரு கருவி செய்து, எண்ணில்லாமலே மெஷினைச் சமாதானப்படுத்திவிடுவார். கடைக்கு வருகிற பத்து மெஷினில் எட்டு அதற்காகத்தான் வருகிறது. பதினான்காம் பிரிவு வந்தால் அந்த பிஸ்கட் டின் குற்றப் பொருள், அத்தான் குற்றவாளி, கடை காலி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது, தெரிந்தாலும் அந்த வாயை வைத்துக்கொண்டு யாரிடமும் கைகட்டி வேலை பார்க்க முடியாது.

அன்றைக்கு நேராகக் கடைக்குப் போனேன். அத்தான் ஏற்கெனவே வரைவைக் கரைத்துக் குடித்திருந்தார். முகத்தில் கல்யாணக் களை.

“வா மச்சான்! பதினாலாவது பிரிவு பாத்தியா? கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கேன். நாப்பத்திரண்டு பக்கம்.”

“அத்தான், இந்த ஒரு தடவை மட்டும் கம்பெனிக் கோப்பா அனுப்பிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“ஏன்?”

“எங்ககிட்ட உங்க கோப்பு சரியா... கொஞ்சம் சிரமமா இருக்கு.”

“சிரமமா இருந்தா கத்துக்கணும். என் மெஷினைப் பூட்டுறாங்கன்னு நான் எழுதறேன். அதை அவங்க பூட்டுக்குள்ளயே வெச்சுக் குடுக்கச் சொல்றியா? அப்படிக் குடுத்தா நான் எழுதினதுக்கு என்ன அர்த்தம்?”

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு மனுஷன் தப்பாகப் பேசினால் சண்டை போடலாம். சரியாகப் பேசி அழிந்து போகிறவனை என்ன செய்ய முடியும்?

“முதல் பத்துப் பக்கம் சும்மா கேளு” என்று கண்ணாடியைப் போட்டார். முதல் பத்துப் பக்கமும் ‘சாதனம்’ என்ற சொல்லுக்கு விளக்கம். வாஷிங் மெஷின் முப்பத்தோராம் பக்கத்தில்தான் வருகிறது என்று பின்னால் தெரிந்தது.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

“அது திறக்காதுக்கா. திறக்கலைன்னா எண்ணிக்கையிலயே வராது.”

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “இத்தனை வருஷமுமா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்பை எவ்வளவு நேரம் மாட்ட முடியுமோ அவ்வளவு நேரம் மாட்டினேன்.

“அவர்கிட்ட சொல்லிடாதடா. கடைசித் தேதி என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி.”

மறுநாள், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன். திறந்த வடிவத்தைத் திறக்கும் மென்பொருளை ஏற்றித் தாருங்கள் என்று மனு கொடுத்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார்.

“விலைப்புள்ளி எங்க சார்?”

“இது இலவசம்ங்க.”

“இலவசம்னாலும் மூணு கம்பெனிகிட்ட விலைப்புள்ளி வாங்கணும். குறைவா சொல்றவங்களுக்குத்தான் ஆர்டர்.”

“மூணு பேரும் பூஜ்யம்னு எழுதிக் குடுத்தா?”

“அதான் சார் சிக்கல். யாரு குறைவுன்னு எப்படி முடிவு பண்றது?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகவும், எப்படியும் ஒரு பத்து மாதத்தில் பதில் வந்துவிடும் என்றும் தைரியம் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மெஷின் கம்பெனிகள் சேர்ந்து ஒரு முந்நூறு பக்கம் அனுப்பியிருந்தார்கள், அட்டையில் ஒரு தாயும் சிரிக்கிற குழந்தையும். அதோடு பதினான்காம் பிரிவை ஆதரித்துப் பொதுமக்களிடமிருந்து நாலாயிரத்துச் சொச்சம் கருத்து வந்திருந்தது. எல்லாம் ஒரே வாசகம், காற்புள்ளி உட்பட. அதில் அறுநூறு பேர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘உங்கள் பெயரை இங்கே எழுதவும்’ என்பது அப்படியே இருந்தது. அந்தப் பெயரில் அறுநூறு குடிமக்கள் நம்மிடையே வாழ்கிறார்கள் போலிருக்கிறது. எல்லாக் கோப்பும் அழகாகத் திறந்தன. எல்லாவற்றையும் ஆதரவு என்று ஏற்றினேன்.

மூன்று மணிக்குத் திறக்காதவரின் கோப்பு வந்தது. பத்தொன்பதாவது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “வந்துட்டாருய்யா நம்மாளு!” என்று சிரித்தார். வழக்கமாக நானும் சிரிப்பேன். அன்று இரண்டு முறை திறக்கப் பார்த்தேன், வழக்கம்போல் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. ‘திறக்கவில்லை’ என்று போட்டேன்.

ஐந்து அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது இன்னொன்று வந்தது. கம்பெனிக் கோப்பு. தட்டியவுடன் திறந்தது. ஒரே பக்கம், அதிலும் பாதி. அனுப்பியவர் பெயர் என் அக்காவினுடையது.

‘சாமான்: இணையத்தோடு இணைந்த வாஷிங் மெஷின். காசு கொடுத்து வாங்கியவருக்குச் சொந்தம்.

கோளாறு: பம்ப் போய்விட்டது. துணி உள்ளே, தண்ணீர் உள்ளே, கதவு பூட்டு.

எங்கள் கடையில் ஆகும் நேரம்: நாற்பது நிமிடம். கம்பெனி ஆள் வர: ஒன்பது நாள்.

பதினான்காம் பிரிவு வந்தால்: நாற்பது நிமிட வேலை குற்றம். ஒன்பது நாள் ஊறிய துணி சட்டப்படி சரி.

கேட்பது: தன் சாமானை யாரிடம் கொடுப்பது என்று வாங்கியவரே முடிவு செய்யட்டும். திருடனுக்குப் பயந்து பூட்டுகிறீர்கள், சரி. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

அவசரம்: ஆம்.’

நான் அதை எதிர்ப்பு என்று ஏற்றினேன். ஏற்றிவிட்டு, என் வேலையில் இல்லாத ஒரு காரியம் செய்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரி அறைக்குப் போனேன். அந்த அம்மா எதையும் படிப்பதில்லை என்று பெயர் வாங்கியவர். கம்பெனிகளின் முந்நூறு பக்கத்தை அச்செடுக்கச் சொல்லி, மேசை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். இது ஒரு பக்கம் என்பதால் கண் தானாக ஓடியது.

“ஒன்பது நாளா?” என்றார். “எங்க வீட்ல பதிமூணு நாள். புதுப் பெட்ஷீட். கடைசில கதவைத் திறந்தப்ப வந்த நாத்தம் இருக்கே, இன்னும் மூக்குல நிக்குது. யாருய்யா இந்த அம்மா?”

“யாரோ கடை வெச்சிருக்காங்க போல மேடம்” என்றேன். பழக்கதோஷம்.

ஐந்து மாதம் கழித்து இறுதி விதி வந்தது. பதினான்காம் பிரிவு தலைகீழாக மாறியிருந்தது. ரகசிய எண்ணைச் சாமானோடு சேர்த்து வாங்கியவரிடமே கொடுக்க வேண்டும், அவர் விருப்பப்பட்ட ஆளைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். நாலாயிரம் ஆதரவையும் மீறி எப்படி மாறியது என்று ஊரே விவாதித்தது. டி.வியில் நிபுணர்கள் சர்வதேசக் காரணங்கள் சொன்னார்கள். ஊறிப்போன பெட்ஷீட்டை ஒருவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். அத்தான் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார்.

“பாத்தியா மச்சான்! பதினோரு வருஷம்! ஒரு நாள் கேப்பாங்கன்னு சொன்னேன்ல? நாப்பத்திரண்டு பக்கமும் போய்ச் சேந்திருக்கு!”

அக்கா ஒரு மெஷினில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நல்லதாகப் போயிற்று, இப்படியே இருக்கட்டும் என்று நான் நினைத்தேன். ஆனால் அத்தான் எதையும் முழுசாகப் படிக்கிற ஜாதி. விதியோடு வந்த அறிக்கையின் பின்னிணைப்பைத் திறந்தார். கம்பெனிக் கோப்பாக இருந்தாலும் அவருடைய மென்பொருள் பெருந்தன்மையாகத் திறந்துவிட்டது, அட்டவணைக் கட்டங்கள் மட்டும் கோணல். அறுபதாம் பக்கத்தில் நின்றார். ‘ஒரு குடும்பத் தலைவி குறிப்பிட்டதாவது’ என்று இருந்தது.

சத்தமாகப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது.

“இது நான் சொல்றதுதானே? பூட்டு, சாவி... முப்பத்தெட்டாவது பக்கத்துல வரும். ஆனா இவ்வளவு சின்னதா இல்லையே.”

“நான்தாங்க அனுப்பினேன்” என்றாள் அக்கா. “எதிர்க்க ஜெராக்ஸ் கடைல உக்காந்து அடிச்சேன்.”

அத்தான் கேட்ட முதல் கேள்வி இது: “எந்த வடிவத்துல அனுப்பினே?”

“திறக்கிற வடிவத்துல.”

இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“என் கோப்புலேருந்து எடுத்தியா?”

“உங்க கோப்பை நான் எங்க பாத்தேன்? எனக்கு ஞாபகம் இருந்ததை எழுதினேன்.”

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மச்சான், உண்மையைச் சொல்லு. நான் அனுப்பினதுல எத்தனையைத் திறந்தீங்க?”

பொய் வாய் வரை வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுகூட இல்ல அத்தான்.”

“பத்தொன்பதும்?”

“பத்தொன்பதும்.”

அவர் மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் ஒரே நிமிடத்தில் அவ்வளவு களைத்துப்போய் நான் பார்த்ததில்லை.

“அப்போ இத்தனை வருஷமா நான் யார்கிட்டதான் பேசிட்டிருந்தேன்?” என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

“எங்கிட்டதான்” என்றாள் அக்கா. “சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, நான் தூங்கிட்டேன்னு நெனைச்சுக்கிட்டு. ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். நெசமாவே நல்லாத்தான் இருக்கும்.”

அத்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மெஷின் மேல் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். நான் செருப்பைத் தேடினேன். பொதுமக்கள் சொல்வதைக் கேட்க மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன் நான், என் அக்காவோ சம்பளமில்லாமல் அதைச் செய்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.